பள்ளி என்னும் சொல்லும் நம் சமய அடையாளமும்

சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தை ஒரு நாள் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தோம். அரபு நாட்டைப் பாட வந்த உமறுப்புலவர் ஆற்றின் பெருக்கையும் வயலின் வளத்தையும் உழவர் தம் உழைப்பையும் பாடும் பகுதி அது. பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அரபு நாட்டு மணலில் இத்தனை வயல் ஏது? பெயரோ புராணம். இதனை நம்முடைய நூல் என்று எவ்வாறு கொள்வது?" என்று கேட்டார். குறும்புக்காகக் கேட்ட வினா அன்று அது. தம் மார்க்கத்தைத் தூயதாகப் பேண வேண்டும் என்னும் கவலையே அவர் குரலில் இருந்தது.

சில நாள் கழித்து, ஊருக்குச் சென்று திரும்பிய வேறொரு மாணவர் தொடர்வண்டியில் தமக்கு நேர்ந்ததைச் சொன்னார். எதிரே அமர்ந்திருந்த பெரியவர் நெடுநேரம் அன்போடு பேசிக்கொண்டு வந்தாராம். இவர் பெயரைக் கேட்டதும், "அப்படியா தம்பி, நீங்கள் தமிழர் என்றல்லவா நினைத்தேன்!" என்றாராம். அவர் பகை உணர்வோடு சொல்லவில்லை. அதனால்தான் அச்சொல் மாணவரின் உள்ளத்தில் ஆழத் தைத்திருந்தது.

இவ்விரு வினாக்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது நம் கருத்து. முஸ்லிம் என்றால் தமிழ் மரபு நமக்கு உரியதாகுமா என்று கேட்கிறார் ஒருவர். முஸ்லிம் என்றால் தமிழராக இருத்தல் கூடுமா என்று ஐயுறுகிறார் மற்றவர். சமய அடையாளம் என்பது என்றோ ஒரு நாள் முழுமையாக வார்த்தெடுக்கப்பட்டு, அவ்வாறே வந்து சேர்ந்த ஒரு பொருள் என்பது இருவருடைய எண்ணமும் ஆகும். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

நம்பிக்கை வேறு, அடையாளம் வேறு. இறைவன் ஒருவன் என்பதும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவனுடைய தூதர் என்பதும் நம்பிக்கை. அது காலத்தால் மாறுவதில்லை. அந்த நம்பிக்கையை எந்தச் சொல்லால் வழங்குகிறோம், எத்தகைய பெயர் சூட்டிக்கொள்கிறோம், தொழுமிடத்தை எவ்வடிவில் எழுப்புகிறோம், யாரை உறவென்றும் யாரை அயலென்றும் கருதுகிறோம் என்பவை அடையாளம். இவற்றை வாணிகமும் மொழியும் ஆட்சியும் அண்டை வாழ்வும் சேர்ந்து உருவாக்கின. இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இம்மண்ணில் வாழ்ந்த எல்லாச் சமயத்தார்க்கும் நேர்ந்தது.

ஒரு சொல்லின் பயணம்

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நாள்தோறும் ஐவேளையும் நம் நாவில் வழங்கும் 'பள்ளிவாசல்' என்னும் சொல்லே போதும்.

பள்ளி என்பது தங்குமிடம், துயிலுமிடம் என்னும் பொருளுடைய பழந்தமிழ்ச் சொல். திருவரங்கத்தில் திருமால் 'பள்ளி கொண்டான்'. மதுரையை அடுத்த மாங்குளத்துக் குன்றில், கிறித்து பிறப்பதற்கு முன்னரே தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. சமணத் துறவியர்க்குச் செய்து கொடுத்த இருப்பிடத்தை அக்கல்வெட்டுகள் பள்ளி என்றே குறிக்கின்றன. துறவியர் தங்கிய இடத்திலேயே கல்வியும் நடந்தமையால் 'பள்ளிக்கூடம்' என்னும் சொல் பிறந்தது என்பர் அறிஞர்.

சமணர்க்கு உரியதாக இருந்த இச்சொல் பௌத்தர்க்கும் உரியதாயிற்று. கடல்கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரை எழுப்பினார். சைவப் பற்றில் தலைநின்று தஞ்சைப் பெருங்கோயிலைக் கட்டிய முதலாம் இராசராசன், அவ்விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். அதனைக் கூறும் ஆனைமங்கலச் செப்பேடுகள் இன்றும் கிடைக்கின்றன. அந்நகரில் பௌத்தர் வழிபட்ட இடமும் 'பெரும்பள்ளி' என்றே வழங்கிற்று. அங்கே 19ஆம் நூற்றாண்டு வரை நின்ற பழைய செங்கற் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது.

மேலைக் கடற்கரையிலும் இச்சொல் வேரூன்றியது. கொல்லத்தில் 849ஆம் ஆண்டு கிறித்தவக் கோயில் ஒன்றுக்கு வழங்கப்பட்ட கொடையைக் கூறுவது தரிசாப்பள்ளிச் செப்பேடு. அக்கோயிலின் பெயரிலேயே பள்ளி இருப்பதைக் காண்க. கேரளத்துக் கிறித்தவர் தம் கோயிலை இன்றும் பள்ளி என்றே அழைக்கின்றனர். அச்செப்பேட்டில் நம் கருத்துக்குரிய வேறொரு செய்தியும் உண்டு. கொடைக்குச் சாட்சியாக நின்ற வணிகர்கள் கூஃபி அரபு எழுத்திலும் பஹ்லவி எழுத்திலும் எபிரேய எழுத்திலும் கையொப்பம் இட்டுள்ளனர். உள்நாட்டு ஆட்சியாளர் ஒருவர் கிறித்தவக் கோயிலுக்கு அளித்த கொடைக்கு முஸ்லிம்களும் பாரசீகச் சமயத்தாரும் யூதரும் சாட்சிகளாக நின்றனர் என்பது இதனால் பெறப்படும். அவர்களுள் எவரும் தம் சமயத்தைக் கைவிட்டாரல்லர். ஒரு துறைமுகத்தில் ஒருங்கு வாழ்ந்த வாழ்க்கையே அவர்களை ஓர் ஏட்டில் கையொப்பமிடச் செய்தது.

இவ்வாறு நடந்து வந்த சொல்லைத்தான் இஸ்லாத்தை ஏற்ற தமிழர் தம் தொழுமிடத்துக்குச் சூட்டிக்கொண்டனர். தொழுகை, நோன்பு, பெருநாள், இறைமறை என எத்தனை தமிழ்ச் சொற்களை நம் முன்னோர் மார்க்கத்தின் நெஞ்சில் வைத்தனர்! நயினார் என்னும் பெயரையும் எண்ணிப் பாருங்கள். தமிழ்ச் சமணர் தம்மை இன்றும் நயினார் என்கின்றனர். சைவ வைணவர் வழக்கிலும் அப்பெயர் உண்டு. காயலிலும் கீழக்கரையிலும் நம் குடும்பங்களிலும் அது வழங்கி வருகிறது. 1842இல் சீறாப்புராணத்தை அச்சேற்றிய புலவர் நாயகத்தின் முழுப் பெயரே செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் என்பதாகும். அரபும் தமிழும் அப்பெயரில் முரணின்றிச் சேர்ந்து நிற்கின்றன.

மூன்று காப்பியங்கள், மூன்று நாடுகள்

இனி அம்மாணவரின் வினாவுக்கு வருவோம். அரபு மணலில் வயல் ஏது? கம்பர் பாடிய கோசல நாட்டை நினைத்துப் பாருங்கள். சரயு நதி பாயும் வடபுல நாட்டைக் காவிரி பாயும் சோழ வளநாடாகவே அவர் காட்டினார். இத்தாலியில் பிறந்து, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் வந்து, தமிழ்ப் பெரும்புலவராக விளங்கியவர் வீரமாமுனிவர். புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு அவர் பாடிய தேம்பாவணியிலும் நாட்டுப்படலம் உண்டு. அதில் யூதேயா நாடு தமிழ் மருதமாகக் காட்சி தருகிறது. உமறுப்புலவர் அரபு நாட்டை அவ்வாறு பாடியது அறியாமையால் அன்று. பெருங்காப்பியம் பாடுவோர் நாட்டு வளம் பாடித் தொடங்க வேண்டும் என்னும் தமிழ் மரபை அவர் மேற்கொண்டார். தம் மக்கள் நன்கறிந்த வளத்தைக் கொண்டே தம் தலைவர் பிறந்த நாட்டைச் சிறப்பித்தார்.

அந்நூலின் மூன்று காண்டங்களின் பெயர்களையும் நோக்குக: விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம். காண்டம் தமிழ்க் காப்பிய வழக்கு. விலாதத், நுபுவ்வத், ஹிஜ்ரத் என்பன அரபு. பிறப்பும் தூதும் இடப்பெயர்வும் ஆகிய வரலாற்று உண்மைகளில் புலவர் உறுதியாக நின்றார். அவற்றைச் சொல்லும் முறையைத் தாம் பிறந்த மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு தூதரும் தத்தம் மக்களின் மொழியிலேயே அனுப்பப்பட்டனர் என்னும் இறைமறைக் கருத்தை அறிந்தவர்க்கு இதில் வியப்பு இல்லை.

கிறித்தவர் வரலாறும் இவ்வாறே அமைந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பட்ட தமிழ் நூலுக்குத் 'தம்பிரான் வணக்கம்' என்று பெயர். சைவ மடங்களில் வழங்கும் தம்பிரான் என்னும் சொல்லே அங்கே ஆண்டவனைக் குறித்தது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு பாதிரியார் தமிழ் கற்ற பின்னரே தம் வேதத்தைத் தமிழில் தர இயன்றது.

வரலாறு கோடும் கிழிக்கும்

இதுவரை இனியவற்றை மட்டும் சொன்னோம். இத்துடன் நிறுத்தினால் அது வரலாறு ஆகாது. இணைத்த வரலாறே பிரித்ததும் உண்டு.

திருநாவுக்கரசர் சமணராக இருந்து சைவரானவர். அக்காலத்தில் சைவர்க்கும் சமணர்க்கும் இடையே மூண்ட பூசலின் வடுக்கள் இலக்கியத்தில் பதிந்துள்ளன. தமிழகத்தில் பெருஞ்செல்வாக்குடன் வாழ்ந்த சமணம் பின்னர்ச் சிறுபான்மையாயிற்று. இன்று மேல்சித்தாமூர் மடத்தைச் சூழ்ந்தும் வடதமிழகத்துச் சிற்றூர்கள் சிலவற்றிலும் தமிழ்ச் சமணர் தம் நெறி வழுவாது வாழ்கின்றனர்.

முத்துக் குளித்துறையின் கதையும் நாம் மறக்கத்தக்கதன்று. அக்கடற்கரையில் பரதவரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். இருவர்க்கும் ஒரே மொழி, ஒரே கடல். முத்துச் சலாபத்தின் உரிமையும் வருவாயும் பற்றி இவர்களிடையே மோதல் எழுந்தது. அவ்வேளையில் போர்ச்சுகீசியர் கடலாதிக்கத்தோடு வந்து சேர்ந்தனர். அவர்களுடைய பாதுகாப்பை நாடிய பரதவர் 1530களில் பெருந்திரளாகக் கத்தோலிக்க சமயத்தில் சேர்ந்தனர். புனித சவேரியார் 1542இல் இந்தியா வந்து, பின்னர் அவர்களிடையே பணியாற்றினார். அதுமுதல் முத்துக்காக மூண்ட பூசல் சமயப் பூசலாகப் பேசப்பட்டது. வந்த காரணம் எதுவாயினும், அம்மக்கள் அந்த நம்பிக்கையைத் தலைமுறை தலைமுறையாக உண்மையாகவே வாழ்ந்து காட்டினர் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. தொடக்கம் வரலாற்றுக்கு உரியது. தொடர்ந்த பற்று அவர்களுக்கு உரியது. இந்நியாயத்தை அவர்களுக்கு வழங்குவோமாயின், நம் முன்னோர்க்கும் அதே நியாயத்தைப் பிறரிடம் கேட்கும் தகுதி நமக்கு உண்டாகும்.

ஆங்கிலேயர் காலத்தில் வந்தது வேறு வகையான கோடு. 1881இல் நாடு முழுவதும் ஒருங்கே மக்கள்தொகை கணக்கிடப்பட்டது. ஒவ்வொருவரும் இன்ன சமயத்தார் என்று ஒரே கட்டத்தில் எழுதியாக வேண்டியிருந்தது. நாகூரில் அடங்கியுள்ள ஷாகுல் ஹமீது ஆண்டகைக்கு நேர்ந்துகொண்டு மொட்டையடித்துச் செல்லும் இந்துக் குடும்பத்தின் உள்ளத்தை அந்தக் கட்டத்தில் எழுத இடமில்லை. அங்குள்ள மிக உயர்ந்த மனாராவைக் கட்டிய தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங்கின் உள்ளத்தையும் அதில் எழுத இயலாது. கணக்கு எண்ணிக்கையாயிற்று, எண்ணிக்கை அரசியலாயிற்று. 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகளைத் தந்தது. 1947இல் நாடே பிரிந்தது.

அந்தப் பிரிவினைக்குப் பின்னர், நீங்கள் யார் என்னும் வினா நம் சமுதாயத்தின் முன் கடுமையாக நின்றது. அவ்வினாவின் முன் தலைகுனியாதவர் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள். அரசியல் நிர்ணய சபையில் 1949 செப்டம்பரில் மொழி பற்றிய விவாதம் நிகழ்ந்தபோது, பழமையே அளவுகோல் என்றால் இம்மண்ணின் மொழிகளுள் தமிழுக்கு உரிய இடத்தை மறுக்கவொண்ணாது என்று எடுத்துரைத்தார். தமிழர் என்றல்லவா நினைத்தேன் என்ற தொடர்வண்டிப் பெரியவர்க்கு நம் மாணவர் சொல்லத்தக்க விடை அன்றே சொல்லப்பட்டுவிட்டது.

அடையாளம் வரலாற்றால் மீண்டும் எழுவதும் உண்டு. 1898இல் உ.வே.சாமிநாதையர் பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் அயோத்திதாச பண்டிதர் சாதிக்கொடுமைக்கு விடை தேடிப் பௌத்தம் தழுவி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். ஏட்டில் உறங்கிய சமயம் ஒருபுறம் அச்சில் எழுந்தது. மறுபுறம் மக்களின் உரிமைக் குரலாக எழுந்தது.

ஓர் அச்சமும் விடையும்

அடையாளம் வரலாற்றின் ஆக்கம் என்று ஒப்புக்கொண்டால் மார்க்கமே மனிதர் ஆக்கம் என்றாகிவிடாதா என்று பெரியோர் சிலர் அஞ்சுகின்றனர். அவர்தம் அச்சத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும், மழை வானிலிருந்து பொழிகிறது. அது செம்மண்ணில் செந்நீராகவும் கரிசலில் கருநீராகவும் ஓடுகிறது. நிறம் மண்ணுடையது என்பதனால் மழை வானுடையது அன்று என்று ஆகிவிடுமா?

உண்மையில் நம்பிக்கைக்கு ஊறு வேறு திசையிலிருந்து வருகிறது. வரலாற்றை அறியாதவர் அடையாளத்தையே நம்பிக்கை என்று கொள்கின்றனர். கொண்டபின், பள்ளிவாசல் என்னும் சொல்லையும் ஐயுறுகின்றனர். பாட்டி பாடிய தாலாட்டையும் ஐயுறுகின்றனர். அடுத்த வீட்டுப் பொங்கலையும் ஐயுறுகின்றனர். மறுபுறம், வரலாற்றை அறியாத அயலாரும் ஒரு பெயரைக் கேட்டவுடன் ஆயிரம் ஆண்டு உறவை மறந்து அந்நியர் என்கின்றனர். இவ்விரு அறியாமைகளும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன. இவற்றின் நடுவே நசுங்குவது நம் இளைஞர் உள்ளமே.

முன்னோரின் வழக்கங்கள் எல்லாவற்றையும் அப்படியே ஏற்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மார்க்கத்துக்கு முரணானவற்றைக் களைய எவர்க்கும் உரிமை உண்டு. களைவதற்கு முன் இன்னது இன்ன காரணத்தால் வந்தது என்று அறிந்துகொள்ளுங்கள் என்பதே நம் வேண்டுகோள். பயிரை அறியாதவர் களை பறிக்க இறங்கினால் வயல் என்னாகும்?

நாம் செய்ய வேண்டுவன

கடற்கரையூர் ஒன்றில் அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகள் இருப்பதாகக் கேள்வியுற்று ஒரு வீட்டுக்குச் சென்றோம். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அம்முறையில், தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகப் புதிய குறிகளை நம் ஆலிம்கள் அமைத்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெருமக்கள் அதில் மார்க்கக் கல்வியை வளர்த்தனர். நாம் சென்ற வீட்டிலோ ஒரு படியும் இல்லை. "யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. செல்லரித்துப் போய்விட்டது. கண்ணியக் குறைவு நேரக் கூடாதென்று போன வருடம்தான் கடலில் சேர்த்தோம்" என்றார் வீட்டு மூதாட்டி. அவர் கண்ணியத்தையே எண்ணினார். அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. ஓராண்டுக்கு முன் அவ்வீட்டு வாயிலில் நிற்காத நம்மைத்தான் நொந்துகொண்டு திரும்பினோம்.

ஆகவே மூன்று செய்திகளை இம்மலரின் வாயிலாக முன்வைக்கிறோம். முதலாவது ஆசிரியப் பெருமக்களுக்கு. சீறாப்புராணத்தை இஸ்லாமிய இலக்கியம் என்றும், தேம்பாவணியைக் கிறித்தவ இலக்கியம் என்றும், சிந்தாமணியைச் சமண இலக்கியம் என்றும் தனித்தனி அறைகளில் வைத்துப் பூட்டாமல், ஒன்றன் அருகில் ஒன்றை வைத்துப் பயிற்ற வேண்டும். சிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்தபோது, சைவ மடத்தில் பயின்ற உ.வே.சா. குடந்தைச் சமணர் வீடுகளுக்குச் சென்று அவர்களிடம் ஐயம் தெளிந்து 1887இல் அதனை வெளியிட்டார். இது நம்முடைய நூல் அன்று என்று அவர் ஏட்டை மூடியிருந்தால் தமிழ் எத்துணை வறுமையுற்றிருக்கும்!

இரண்டாவது மாணவச் செல்வங்களுக்கு. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு சொல், ஒரு கல்வெட்டு, ஒரு கையெழுத்துப் படி, முதியோர் வாய்மொழி ஒன்று என எதையேனும் பதிவு செய்து வாருங்கள். இன்று உங்கள் கைப்பேசியே ஒரு படப்பிடிப்புக் கருவியாகவும் ஒலிப்பதிவுக் கருவியாகவும் இருக்கிறது. பழைய பள்ளிவாசலின் கல்தூணைப் பாருங்கள். பின்னர் அருகிலுள்ள கோயிலின் தூணைப் பாருங்கள். அவற்றைச் செதுக்கிய கைகளின் உறவு விளங்கும்.

மூன்றாவது சமுதாயப் பெரியோர்க்கு. உங்கள் பேழைகளில் உள்ள பழைய ஏடுகளைக் கடலுக்கோ கிணற்றுக்கோ கொடுக்குமுன் ஒருமுறை தமிழ்த்துறைக்குச் சொல்லியனுப்புங்கள். படியெடுத்துக்கொண்டு உரிய கண்ணியத்தோடு திருப்பித் தருவோம்.

வினா எழுப்பிய அந்த மாணவர்க்கு அன்று வகுப்பு முடியும் மணி அடித்துவிட்டமையால் முழு விடை கூற இயலவில்லை. இக்கட்டுரையே அவ்விடை. சமணத் துறவியின் கற்படுக்கைக்கும், புத்த விகாரைக்கும், கிறித்தவக் கோயிலுக்கும், நாம் தொழுமிடத்துக்கும், நம் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் ஒரே பெயரைத் தமிழ் தந்துள்ளது. நெறிகள் வேறு வேறாகவே இருக்கும், இருக்கட்டும். நாம் தலைதாழ்த்துவது இறைவன் ஒருவனுக்கே. அவனைத் தொழச் செல்லும் வாசலுக்குப் பெயர் தந்த மொழியையும், அம்மொழியை நம்மோடு பகிர்ந்து வாழும் மக்களையும் அயலென்று கருதாதிருப்பதே வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.